அலைகளுக்குப் பின்னால் நின்றவர்கள்

(வரதய்யபாளையத்தில் நடைபெற்ற நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் ஒலிபரப்புப் பொறியாளரை நினைவுகூர நாம் இங்கே கூடியிருக்கிறோம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவருடன் ஒரே பணியில் இருந்தவன் என்ற முறையில் என்னைப் பேச அழைத்திருக்கிறீர்கள். தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இவ்வுரையில் அவருடைய பெயரை நான் சொல்லப் போவதில்லை. படத் திறப்பும் பெயர்ப் பலகையும் வேண்டாம் என்று தம் துணைவியாரிடம் அவர் கூறியிருக்கிறார். "வானொலியில் பாடியவர் பெயரைச் சொல்கிறோம், செய்தி வாசித்தவர் பெயரைச் சொல்கிறோம், அலைபரப்பியை இயக்கியவர் பெயரை எவரும் சொல்வதில்லை. அதுதான் சரி. அவர் பெயர் வெளியே தெரிந்தால் ஏதோ பழுது என்று பொருள்" என்று அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அவரது விருப்பத்தை மதிப்போம். ஆனால் அவர் செய்த வேலையைப் பற்றிப் பேச அவர் தடை விதிக்கவில்லை. அந்த வேலையைத் தொடங்கி வைத்தவர்களைப் பற்றிப் பேசவும் தடையில்லை. ஆகவே அதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

தோழர்களே, நூறாண்டுகளுக்கு முன் செல்வோம். 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் தோழர் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தின விழாவை நடத்தினார் என்பதை நாம் அனைவரும் அறிவோம். உயர்நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு கூட்டம், திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஒரு கூட்டம். அக்காலத்தில் ஒலிபெருக்கி வசதி கிடையாது. பேசுபவரின் தொண்டை வலிமை எதுவோ, அதுவே கூட்டத்தின் எல்லை. காற்றை எதிர்த்து எத்தனை வரிசைக்குக் குரல் எட்டுமோ, அத்தனை வரிசைக்குத்தான் கருத்தும் எட்டும்.

அதற்கு ஓராண்டு கழித்து, 1924 மே 16 அன்று, அதே சென்னையில் 'சென்னை மாகாண வானொலிக் கழகம்' என்ற அமைப்பு உருவாயிற்று. அதற்கு உயிராக நின்றவர் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்ற பொறியாளர். அவ்வாண்டு ஜூலை 31 அன்று கழகத்தின் ஒலிபரப்பு தொடங்கியது. அலைபரப்பியின் ஆற்றல் நாற்பது வாட். தோழர்களே, நம் வீட்டுத் தாழ்வாரத்தில் அந்நாளில் எரிந்த குண்டு விளக்கின் ஆற்றலும் ஏறத்தாழ அவ்வளவுதான். அந்த அளவு மின்சாரத்தைக் கொண்டு ஒரு மனிதக் குரலைச் சென்னை நகரத்தின் மேல் பரவச் செய்தார்கள். பின்னர் இருநூறு வாட் அலைபரப்பி வந்தது.

கிருஷ்ணசாமி செட்டி நம் இயக்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். அந்தக் கழகமும் வசதி படைத்தோர், ஆர்வலர்கள் கூடிய கழகந்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கழகத்துக்கு நேர்ந்த கதியும், அதன் பின் நடந்ததும் நமக்கு ஒரு பாடம். உறுப்பினர் சந்தாவை நம்பியிருந்த கழகம் பணமின்றித் தள்ளாடி, 1927 அக்டோபரில் ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டது. கழகத்தார் அலைபரப்பியை விற்றுக் காசாக்கவில்லை. சென்னை மாநகராட்சியிடம் அதை ஒப்படைத்தார்கள்.

அதே 1927இல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் நடந்ததைப் பாருங்கள். இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி என்ற தனியார் நிறுவனம் ஜூலையில் பம்பாயிலும் ஆகஸ்டில் கல்கத்தாவிலும் நிலையங்களைத் திறந்தது. ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோவாட். சென்னையின் கருவியைப் போல் ஏழு மடங்குக்கும் மேற்பட்ட ஆற்றல். வானொலிப் பெட்டி வைத்திருப்போர் ஆண்டுக்குப் பத்து ரூபாய் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். அதன் பெரும்பங்கு கம்பெனிக்கு. அக்காலத்தில் பத்து ரூபாய் கொடுக்கக்கூடியவர் எத்தனை பேர்? காசு உள்ளவர் கேட்பதற்காகக் காசு உள்ளவர் நடத்திய அந்த நிறுவனம் மூன்றாண்டும் தாங்காமல் 1930 மார்ச்சில் கலைக்கப்பட்டது. ஏப்ரல் 1 முதல் அரசு அதை ஏற்று நடத்த வேண்டியதாயிற்று.

அதே நாள், 1930 ஏப்ரல் 1 அன்று, கழகம் விட்டுச்சென்ற அந்தச் சிறு கருவியைக் கொண்டு சென்னை மாநகராட்சி தன் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. ரிப்பன் மாளிகையிலிருந்து மாலைதோறும் இசை. மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம். மெரினாவிலும் நகரத்துப் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள். வானொலிப் பெட்டி வாங்க இயலாத கைவண்டிக்காரரும், மீனவரும், நெசவாளரும் மணலில் உட்கார்ந்து கேட்டார்கள். ஏழாண்டுகளுக்கு முன் எந்தக் கடற்கரையில் சிங்காரவேலர் தொண்டை வறளப் பேசினாரோ, அந்தக் கடற்கரையில் குரலைப் பெருக்கும் கருவி பொதுச் சொத்தாக வந்து நின்றது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கும் வரை, எட்டாண்டுகள் மாநகராட்சி அந்தச் சேவையை நடத்தியது. பெரிய கருவியும் பெரிய மூலதனமும் இருந்த தனியார் நிறுவனம் மூன்றாண்டில் மூடியது. சிறிய கருவியை வைத்துக்கொண்டு ஒரு மாநகராட்சி எட்டாண்டு நடத்தியது. யாருக்காக நடத்துகிறோம் என்பதே இங்கு வேறுபாடு.

மாநகராட்சி அந்நிய ஆட்சிக்கு உட்பட்ட அமைப்புத்தானே என்று சிலர் கேட்கலாம். உண்மை. அதன் ஒலிபெருக்கியில் விடுதலைக் குரல் ஒலித்திராது. ஆயினும் கருவி பொதுவுடைமையாக இருந்தால், அதில் யார் பேசுவது என்ற உரிமைக்காக நாம் போராட முடியும். கருவியே தனியாருடையது என்றால், போராட்டத்தின் களமே நம் கையில் இல்லை.

இதை முதலில் உணர்ந்து செயல்பட்டவர்கள் சோவியத் மக்கள். உள்நாட்டுப் போரும் பஞ்சமும் முற்றுகையும் சூழ்ந்திருந்த 1918ஆம் ஆண்டின் இறுதியில் நீஷ்னி நோவ்கோரதில் ஒரு வானொலி ஆய்வகம் நிறுவப்பட்டது. அதன் தலையாய பொறியாளர் மிகயீல் போன்ச்-புரூயெவிச். வெளிநாட்டிலிருந்து வால்வு வரவில்லை, உலோகம் இல்லை, விறகில்லை. அந்நிலையில் அவர் தம் கையால் வால்வு செய்தார். ஆற்றல் மிகுந்த வால்வு சூடேறி உருகிவிடும் என்பதால், தண்ணீரைச் சுற்றவிட்டு அதைக் குளிர்விக்கும் முறையை உருவாக்கினார். 1920இன் தொடக்கத்தில் அவ்வாய்வகத்திலிருந்து மனிதக் குரல் மாஸ்கோவை எட்டியது. அவ்வாண்டு பிப்ரவரி 5 அன்று தோழர் லெனின் போன்ச்-புரூயெவிச்சுக்கு எழுதிய கடிதம் புகழ் பெற்றது. காகிதமும் தேவையில்லை, தொலைவும் தடையில்லை என்ற ஒரு செய்தித்தாளை இப்பொறியாளர் உருவாக்குவதாக அவர் அதில் பாராட்டியிருந்தார். எழுத்தறிவற்ற கோடிக்கணக்கான உழவரைக் கொண்ட ஒரு நாட்டில் அந்தக் கருத்தின் எடையை எண்ணிப் பாருங்கள். 1922இல் மாஸ்கோவில் எழுந்த சுகோவ் கோபுரத்தை முந்நூற்றைம்பது மீட்டர் உயரத்தில் கட்டத் திட்டமிட்டிருந்தார்கள். எஃகு இல்லாததால் ஏறத்தாழ நூற்றைம்பது மீட்டரோடு நிறுத்தினார்கள். உயரம் குறைந்தது, ஆனால் குரல் போய்ச் சேர்ந்தது.

நமது தோழர் பணியில் சேர்ந்த நாளில் இந்த வரலாறெல்லாம் அறிந்தவர் அல்லர். வரதய்யபாளையத்தின் ஊராட்சி வானொலிப் பெட்டியே அவருக்கு முதல் பள்ளிக்கூடம். மாலையானால் பெரியவர்கள் அதன் முன் கூடுவார்கள். சென்னை நிலையத்தின் தமிழ் நிகழ்ச்சி. மழை உண்டா, நெல் விலை என்ன, அரசு என்ன அறிவித்தது. அவர் சிறுவனாக அந்தப் பெட்டியின் பின்பக்கம் போய் உட்காருவாராம். குரல் வரும் பக்கத்தை விட்டு, அது எங்கிருந்து வருகிறது என்று பின்னால் தேடிய பிள்ளை. வாழ்நாள் முழுவதும் அவர் அப்படியே பின்பக்கத்தில்தான் இருந்தார்.

இப்பகுதி மக்களுக்கு 1960 ஏப்ரல் 1 மறக்க முடியாத நாள். படாஸ்கர் பரிந்துரையின் அடிப்படையில் இயற்றப்பட்ட எல்லை மாற்றச் சட்டம் அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி சென்னை மாநிலத்துக்குச் சென்றது. சத்தியவேடு வட்டாரம் ஆந்திரத்துக்கு வந்தது. பத்திரம் ஒரு மொழியில், வீட்டுப் பேச்சு ஒரு மொழியில் என்று வாழப் பழகியவர்கள் நீங்கள். தமிழரும் தெலுங்கரும் ஒரே வயலில் களையெடுத்து, ஒரே சங்கத்தில் கூலி உயர்வு கேட்டவர்கள். எல்லைக்கோட்டை நம் இயக்கம் பகைக்கோடாகக் கருதியதில்லை. ஆனால் எல்லை மாறிய மறுநாள் மாலை ஊராட்சிப் பெட்டியில் சென்னை நிலையம் வழக்கம்போல் பேசியது. அதைக் கேட்டு ஊரார் அடைந்த ஆறுதலைத் தோழர் பலமுறை சொல்லியிருக்கிறார். "அலைக்கு மாநிலம் தெரியாது" என்பது அவர் சொல்.

ஏன் தெரியாது என்பதை அவர் விளக்கும் முறையில் உங்களுக்குச் சொல்கிறேன். சென்னை நிலையத்தின் மத்திய அலை 720 கிலோ ஹெர்ட்ஸ். அந்த அலையின் நீளம் ஏறத்தாழ நானூற்றுப் பதினேழு மீட்டர். இவ்வளவு நீண்ட அலை பூமியின் மேற்பரப்பைத் தழுவிக்கொண்டே செல்லும். குன்று வந்தால் வளைந்து போகும். உவர்நீரின் மேல் செல்லும்போது அதன் வலிமை குறைவாகவே தேயும். பழவேற்காடு ஏரியும் வங்கக் கடலும் நமக்குப் பக்கத்தில் இருக்கின்றன. நடுக்கடலில் கட்டுமரத்திலும் தோணியிலும் இருப்பவரின் சிறு பெட்டியில் அந்த அலை கிடைப்பது இதனால்தான். பண்பலை அப்படிப்பட்டதன்று. அதன் அலை மூன்று மீட்டர் அளவே. ஒலி தெளிவு, ஆனால் ஏறத்தாழ நேர்க்கோட்டில்தான் செல்லும், தொலைவு குறைவு. நகரத்துக்கு அது போதும். எல்லையோரச் சிற்றூருக்கும் கடலில் இருப்பவருக்கும் போதாது.

மத்திய அலைக் கோபுரத்தைப் பார்த்தவர்கள் அதன் உச்சியில் ஏதோ கருவி இருப்பதாக எண்ணுவார்கள். உச்சியில் சிவப்பு விளக்கு மட்டுமே உண்டு. கோபுரம் முழுவதுமே அலையை வெளியிடும் உறுப்பு. பீங்கான் தாங்கியின் மேல், தரையைத் தொடாமல், அது நிற்கும். அதன் அடியிலிருந்து நாற்புறமும் செம்புக் கம்பிகள் மண்ணுக்குள் ஆரக்கால்களைப் போல் ஓடும். கண்ணுக்குத் தெரியும் கோபுரத்துக்கு எவ்வளவு பங்கோ, மண்ணுக்குள் கிடக்கும் அந்தக் கம்பிகளுக்கும் அவ்வளவு பங்கு. அவற்றில் பாதி அறுந்தால் கோபுரம் நின்றும் பயனில்லை. தோழர் இதைத் தொழிற்சங்க வகுப்புகளில் சொல்லுவார். அதன்மேல் விளக்கம் எதுவும் கூறமாட்டார். கேட்டவர்களுக்குப் புரியும்.

அந்தக் கம்பிகள் புதைந்த நிலத்தில் புல் வெட்டுபவர்கள், கோபுரத்தில் ஏறி விளக்கு மாற்றுபவர்கள், இரவுக் காவலர்கள் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். நாங்கள் ஒன்றாகப் பணியாற்றிய ஓரிடத்தில் பொறியாளர்களுக்கான பணிப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்காது. ஒருவர் கோபுரத்தில் ஏறி விளக்கு மாற்றினால் "விளக்கு மாற்றப்பட்டது" என்று மட்டும் எழுதுவது வழக்கம். தோழர் தம் முறை வந்த முதல் நாளே மாற்றியவரின் பெயரைச் சேர்த்து எழுதினார். மேலதிகாரி கேட்டதற்கு, "நூறு மீட்டர் உயரத்தில் ஏறியவர் தவறி விழுந்திருந்தால் யார் என்று எழுதுவோம் அல்லவா? இறங்கி வந்தவர் பெயரையும் எழுதுவோம்" என்றார். தம் பெயர் வெளியே வரக்கூடாது என்றிருந்தவர், பிறர் பெயர் விடுபடக்கூடாது என்பதில் இவ்வளவு கண்டிப்பாக இருந்தார். பிற்காலத்தில் அவர்களுள் சிலர் பணி நிரந்தரம் கேட்டபோது, இத்தனை ஆண்டு வேலை செய்தோம் என்பதற்கு அந்தப் பதிவேடே சான்றாயிற்று.

ஒரு புயல் இரவை மட்டும் சொல்லி இப்பகுதியை முடிக்கிறேன். மின்சாரம் போய்விட்டது. டீசல் மின்னாக்கியில் நிலையம் ஓடுகிறது. அடுத்த முறைக்கு வர வேண்டியவர்கள் சாலை மூழ்கியதால் வரவில்லை. நாங்கள் நான்கு பேர். இரண்டு இரவும் ஒரு பகலும். டீசல் குறைந்துகொண்டே வந்தபோது, ஆற்றலைப் பாதியாகக் குறைத்து ஓட்டலாம் என்று தோழர் முடிவு செய்தார். "முழு ஆற்றலில் விடியும்முன் நின்றுபோவதைவிடப் பாதி ஆற்றலில் விடியும்வரை பேசுவோம்" என்றார். விடிந்தது, டீசலும் வந்தது. புயல் எச்சரிக்கை இடைவெளியின்றிப் போனது. எவரும் பாராட்டவில்லை, நிலையம் நிற்கவில்லை என்பதைக் கவனித்துப் பாராட்ட எவருக்குத் தோன்றும்?

தோழர்களே, இந்நினைவுகள் வெறும் பழங்கதை அல்ல என்பதற்காக இன்றைய நிலையைச் சொல்ல வேண்டும். நாடு விடுதலை பெற்றபோது இந்தியாவில் இருந்த வானொலி நிலையங்கள் ஆறு. நிலப்பரப்பில் இரண்டரை விழுக்காட்டையும் மக்களில் பதினோரு விழுக்காட்டினரையும் மட்டுமே அவை எட்டின. பிற்காலத்தில் ஏறத்தாழ அனைத்து மக்களையும் எட்டும் அளவுக்கு அது வளர்ந்தது. எந்தத் தனியார் முதலாளியும் இலாபம் பார்த்து அதைச் செய்யவில்லை. மக்களின் வரிப்பணமும் ஆயிரக்கணக்கான பொறியாளர்கள், தொழில்நுட்பர்களின் உழைப்பும் செய்தவை அவை.

இன்று அந்தக் கட்டமைப்பு சிறிது சிறிதாகக் கலைக்கப்படுகிறது. 1988இல் நாகபுரியிலிருந்து தொடங்கப்பட்ட, இரவு முழுவதும் நாட்டுக்குப் பேசிய தேசிய அலைவரிசை மூடப்பட்டது. மத்திய அலை, சிற்றலை அலைபரப்பிகள் பல நிறுத்தப்பட்டன. ஓய்வு பெறுவோரின் இடங்கள் நிரப்பப்படுவதில்லை. டிஜிட்டல் முறைக்கு மாறுகிறோம் என்கிறார்கள். அலைபரப்பியை மாற்றினார்கள், அதைக் கேட்பதற்கான பெட்டி ஏழையின் விலைக்கு வரவில்லை. கைப்பேசியில் கேளுங்கள் என்கிறார்கள். 2015 வெள்ளத்திலும் 2016 வர்தா புயலிலும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலிலும் கைப்பேசி என்ன ஆயிற்று என்பதைச் சென்னையும் அறியும், இந்தத் திருப்பதி மாவட்டமும் அறியும். மின்சாரம் போனால் கைப்பேசிக் கோபுரங்கள் ஒவ்வொன்றாக ஓய்கின்றன. நூறு கிலோமீட்டருக்குப் பேசும் ஒரே ஓர் அலைபரப்பி, நான்கு தொழிலாளர்கள், போதிய டீசல் ஆகியவை இருந்தால் ஒரு வட்டாரம் முழுவதற்கும் எச்சரிக்கை போய்ச் சேரும்.

நாம் வானொலியை அரசின் ஊதுகுழலாக வைத்திருக்க வேண்டும் என்று கோரவில்லை. 1975 முதல் 1977 வரையிலான நெருக்கடி நிலையில் வானொலி எப்படிப் பயன்படுத்தப்பட்டது என்பதை நம் தோழர்கள் மறக்கவில்லை. வானலைகள் பொதுச் சொத்து, அவை மக்கள் நலனுக்காக ஒரு சுயேச்சையான பொது அமைப்பால் நிர்வகிக்கப்பட வேண்டும் என்று 1995 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1990இல் நிறைவேறிய பிரசார் பாரதி சட்டம் 1997இல்தான் உயிர் பெற்றது. ஆனால் பெயரளவில் தன்னாட்சி; நிதியும் நியமனமும் அரசின் கையில். மறுபுறம், பொதுச் சொத்தான அதே அலைகள் நகரம் நகரமாகத் தனியாருக்கு ஏலம் விடப்பட்டன. அந்தத் தனியார் நிலையங்களுக்குச் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பும் உரிமை இல்லை. பாட்டும் விளம்பரமும் மட்டும். உழவனின் சொல்லுக்கு இரு பக்கமும் இடமில்லை.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. எல்லையோர, கடலோர மக்களுக்குச் சேவை செய்யும் மத்திய அலை ஒலிபரப்பு தொடர வேண்டும். காலியான தொழில்நுட்பப் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்க்குப் பணிப் பாதுகாப்பு வேண்டும். பொது ஒலிபரப்பு அரசின் கட்டளைக்கும் முதலாளியின் கணக்குக்கும் ஆட்படாமல், மக்களுக்குப் பதில் சொல்லும் அமைப்பாக வேண்டும். இவ்வூர்த் தமிழரும் தெலுங்கரும் தத்தம் மொழியில் செய்தி கேட்கும் உரிமை காக்கப்பட வேண்டும். கட்சிக் கிளைகளும் தொழிற்சங்கங்களும் மீனவர் அமைப்புகளும் இதைச் சேர்ந்து எழுப்ப வேண்டும்.

கிருஷ்ணசாமி செட்டியின் கழகம் மூன்றாண்டில் முடிந்தது. ஆனால் அந்த அலைபரப்பி பொதுக் கைக்கு மாறியதால் தொடர்ந்து பேசியது. நமது தோழரின் வாழ்வும் முடிந்துவிட்டது. அவர் கையெழுத்தில் உள்ள அந்தப் பதிவேடுகள் எங்கேனும் ஓர் அலமாரியில் இருக்கும். அவற்றில் நூற்றுக்கணக்கான தொழிலாளரின் பெயர்கள் இருக்கும். தம் பெயரைச் சொல்ல வேண்டாம் என்ற அவருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி, அந்தப் பெயர்களுக்கு உரியவர்களின் உரிமைக்காக நிற்பதே. இன்று மாலை வீட்டுக்குப் போனதும் ஒரு வானொலிப் பெட்டியை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். குரல் வருகிறதா என்று கேளுங்கள். வரவில்லையென்றால், ஏன் வரவில்லை என்று உரியவர்களைக் கேளுங்கள், கேட்டுக்கொண்டே இருங்கள்.

தோழருக்குச் செவ்வணக்கம்.